பாப்பாவுக்கு இல்லாத சர்க்கரை

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு சரக்கு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதில் அதிகம் இருப்பது ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரை வகைகள். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை. சீம்பாலில் இன்னும் கூடுதல். இவற்றை உடைக்கும் நொதி பச்சைக் குழந்தையின் குடலில் கிடையாது. பிறகு எதற்குத் தாயின் உடம்பு மெனக்கெட்டு இதைத் தயாரிக்கிறது?

குழந்தையின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்காக! 1899-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி டிசியே என்பவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டை போலப் பிரிந்த ஒரு கிருமியைக் கண்டார். பிஃபிடோபாக்டீரியம் என்கிறோமே, அதுதான். அதில் இன்ஃபான்டிஸ் என்ற வகையின் மரபணு வரிசையை 2008-ல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் சர்க்கரையைப் பிடிக்க, உள்ளே இழுக்க, வெட்ட என்று வேண்டிய மரபணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் வெளியே வைத்து உடைக்கும். சிந்தியதை அண்டை அயல் பொறுக்கிக்கொள்ளும். இதுவோ முழுசாக விழுங்கிவிட்டு உள்ளே வைத்து உடைக்கிறது. வெளியே விடுவது அசிடிக் அமிலமும் லாக்டிக் அமிலமும். அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகளுக்குப் பிழைப்பு ஓடாது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் லேசான புளிப்பு வாடை வருவது இதனால்தான். இளகலாக, மஞ்சளாகப் போவதும் இயல்பே. அதைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் "மாந்தம்" என்று பதறி உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் என்று கிளம்புகிறார்கள்.

என் கட்சி இதுதான்: முதல் ஆறு மாதம் நம் வயதுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சேனை தொடுகிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம். தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கக்கூடும். ஒரு வயது வரை அது ஆகாது. சீம்பால் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டுவது அதைவிடக் கொடுமை. அந்தச் சர்க்கரை மிகுதியாக இருப்பதே அதில்தான்.

பால் போதாமல் டாக்டர் சொல்லிப் புட்டிப்பால் கொடுக்கும் தாய்மாரை இதில் சேர்க்கவில்லை. அவர்களை யாரும் ஒரு சொல் சொல்ல வேண்டாம். ஆனால் போதிய பால் இருக்கும் மருமகளிடம், "பால் பத்தலையோ?" என்று நாளைக்கு நாலு தரம் கேட்பது நம்மவர்கள்தானே? அதற்குப் பதில் சமையலைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண் கொஞ்சம் தூங்குவாள். காய்ச்சல், மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பு என்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.