டெம்ப்ரனியோவும் மட்டன் சுக்காவும்

கியாக்தான் வீட்டு விருந்துக்கு யாராவது ஸ்பெயின் ரெட் ஒயின் கொண்டுவந்தா, எதோட பரிமாறலாம்னு குழம்ப வேண்டாம். முதல்ல லேபிளைப் பாருங்க. ரியோஹா ரெட் என்றால் பெரும்பாலும் டெம்ப்ரனியோ திராட்சைதான். 'க்ரியான்ஸா' குறைந்தது 2 வருஷம், 'ரெசெர்வா' 3, 'கிரான் ரெசெர்வா' 5 வருஷம் முதிர்ந்தது.

இதன் துவர்ப்பை இறைச்சியும் கொழுப்பும் அடக்கும். அதனால மட்டன் சுக்கா, எண்ணெய் பிரிய வத்தவிட்ட பர்மியப் பன்றிக் கறி ரெண்டும் பொருந்தும். சைவத்துக்குக் காளான் மிளகு வறுவல். மிளகாயைக் குறைங்க, ஆல்கஹால் காரத்தை இன்னும் எரிய வைக்கும். மீன் குழம்பும் ஙாப்பியும் வேண்டாம், வாயில் இரும்பு வாடை தட்டும்.

ஒயினுக்கு 16-18 டிகிரி போதும். நம்ம வெயிலுக்கு அரை மணி ஃபிரிட்ஜ்ல வைங்க. கரண்ட் இல்லையா? ஐஸ் தண்ணி வாளியில பத்து நிமிஷம்.

இறக்குமதி விலை கட்டுபடியாகலைன்னா, ஷான் மாநிலத்தில் இன்லே ஏரிப் பக்கம் ரெட் மவுண்டன், தவுஞ்ஜி பக்கம் அய்தாயா தோட்டங்களோட ரெட் ஒயின் இருக்கு.

குடிக்காதவங்களுக்கு எலுமிச்சை சர்பத் தயாரா இருக்கட்டும். ராத்திரி யங்கோனுக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போறவருக்கும் அதேதான். "ஒரு கிளாஸ்தானே"ன்னு அவரை யாரும் வற்புறுத்தாதீங்க.