தேறலும் பிரவுன் ஏலும்

தெளிந்த கள்ளைச் சங்கப் புலவர் தேறல் என்றனர். தேறுதல் என்பது தெளிதலே. நாட்பட்ட தேறலை அவர்கள் போற்றியது கொண்டு, பழமையே மதுவின் சிறப்பென நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இங்கிலாந்தின் பிரவுன் ஏல் என்னும் பீர் இதற்கு இணங்குவதில்லை. (1963-இல் உரிமக் கட்டணம் நீங்கியபின் அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவோர் பெருகினர்.) சர்க்கரை சிறிதிட்டுப் புட்டியில் அடைத்தால், 20 பாகை செல்சியசில் இரண்டு வாரத்தில் நுரை கூடிவிடும். ஆயினும் பச்சை ஆப்பிள் வாடை எஞ்சியிருக்கக்கூடும். அதை ஈஸ்ட்டே மெல்லத் தீர்க்கும். வறுத்த மால்ட்டின் முரட்டுச் சுவையும் தணியும். எனவே மேலும் இரண்டு வாரம் பொறுக்கலாம் என்போம். அதற்கப்பால் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பது வீண்: ஆல்கஹால் 5 விழுக்காட்டளவே உள்ள பானத்தில் ஆக்சிஜன் தன் வேலையைக் காட்டி, நனைந்த அட்டை வாடையே மிஞ்சும். பரிமாறுமுன் ஒருநாள் குளிரில் நிறுத்திவையுங்கள். வண்டல் அடியில் படிந்துவிடும்.