சிறை நோயைத் தீர்க்காது

2021 மார்ச்சில் அரபிக் கடலில் மடக்கப்பட்ட இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளும் சிக்கின. அதுவே விழிஞ்சம் வழக்கு. அதே செப்டம்பரில், அதானி குழுமம் நடத்தும் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ பிடிபட்டது. இவ்வணிகத்திற்கு மூலதனமிடுவோர் யார் என்று உரக்கக் கேட்க வேண்டியவர்கள், திருவனந்தபுரத்துத் தெருவில் ஒரு பொட்டலத்துடன் அகப்படும் இளைஞனைக் காட்டி “ஒழுக்கக்கேடு” என்று தீர்ப்பெழுதுகின்றனர். நம் அணிகளிலும் சிலர் இதனை வழிமொழிகின்றனர். இக்கருத்து தவறானது, தீங்கானது.

மூளையில் வலியைத் தணிக்கும் ஏற்பிகள் மீதே ஹெராயின் செயல்படுகிறது. உடல் வலியோடு மன வலியையும் அது மரத்துப்போகச் செய்கிறது. சிறுவயதில் பட்ட வன்முறை, மனச்சோர்வு, வேலையின்மை தரும் அவமானம் ஆகியவற்றைச் சுமப்பவர் அதில் தற்காலிகப் புகலிடம் தேடுகிறார். நாளடைவில் பழைய அளவு போதாமற்போகிறது. நிறுத்தினால் வரும் வேதனை குறித்த அச்சமே மீண்டும் உட்கொள்ளச் செய்கிறது. ஊரார் இழிசொல் அவரைத் தனிமைக்கும், தனிமை மீண்டும் பொட்டலத்திற்கும் தள்ளுகின்றன.

மனக் காரணம் என்பது தனிமனிதப் பலவீனம் அன்று. வியட்நாம் ஆக்கிரமிப்புப் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஐவரில் ஒருவர் அங்கு ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். நாடு திரும்பிய முதலாண்டில் அவர்களுள் மிகச் சிலரே மீண்டும் அடிமையாயினர். மருந்து மாறவில்லை, வாழ்நிலை மாறியது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 27ஆம் பிரிவில் உட்கொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவோ, தாமே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. முதற்பிரிவை அறிந்தோர் பலர். இரண்டாவதை எடுத்துச்சொல்வோர் சிலர். சிறையில் உடலின் தாங்குதிறன் குறைகிறது. விடுதலையான பின் பழைய அளவை எடுப்பவர் உயிரிழக்கும் அபாயம் மிகுகிறது.

கடத்தல் முதலைகளைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும், அதில் சமரசமில்லை. ஆனால் நோயாளிக்குத் தேவை மருத்துவரும், புப்ரினார்பின் போன்ற மாற்று மருந்தும், மனநல ஆலோசனையும், வேலையும். கேரள அரசின் விமுக்தி சிகிச்சை மையங்கள் ஏட்டளவில் நில்லாமல் போதிய மனநல ஊழியர்களுடன் இயங்கப் போராடுவோம். வாலிபர், மாதர், தொழிற்சங்க அமைப்புகள் 64ஏ பிரிவை வீடுதோறும் விளக்கட்டும். அடிமைப்பட்டவரை விரட்டும் கிளை, அவரை வியாபாரியின் கையில் ஒப்படைக்கிறது. அரவணைக்கும் கிளையே அவரை மீட்கும்.