தறி வீட்டின் கதை எங்கே?

சென்னையின் வரலாறு யாது என்றால், 1639-இல் ஆங்கிலேயர் நிலம் பெற்றதையும், மறு ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கியதையும் ஒப்பிக்கிறோம். கோட்டை எதற்காக? துணி வாணிபத்திற்காக! அத்துணியை நெய்தவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எவரேனும் கேட்டோமா?

1734-இல் நெசவாளரையும் நூல் நூற்போரையும் கும்பினியார் குடியேற்றிய ஊர் சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. தறி ஒருவருடையதன்று, குடும்பத்துடையது. மனைவி நூற்பாள், பிள்ளை தார் சுற்றுவான், கணவன் நெய்வான். முன்பணம் வாங்கிய கைக்கு விலை பேச வாய் ஏது?

நான் அறிவியல் மாணவன். ஆயினும், பிழைப்புக்காக வாளையார் கடந்து கஞ்சிக்கோட்டு ஆலையொன்றுக்கு வந்தவரின் மகன். திறப்புவிழாக் கல்லில் அமைச்சர் பெயர் உண்டு. உலைமுன் நின்ற என் தந்தையின் பெயர் இல்லை. விடியலில் எழுந்து அவருக்குச் சோறு கட்டிய தாயின் பெயர் எங்குமே இல்லை. நாளைய வரலாறும் இப்படித்தானா?

நண்பர்களே! விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொருவரும், பெற்றோர் வந்த வழியையும் வாங்கிய கூலியையும் உண்ட உணவையும் கேட்டு எழுதி வாருங்கள். மன்றம் அதைத் தொகுக்கட்டும். கோட்டைக்குக் கல்வெட்டு உண்டு. குடும்பத்திற்கோ நாம் எழுதினால்தான் உண்டு!