பீப்பாயின் பூர்வோத்தரம்

சென்ற வாரம் நண்பரொருவர் இல்லத்தில் ஸ்காட்லாந்து தேசத்து விஸ்கி ஒன்றை ஒரு மிடறு ருசி பார்க்க நேர்ந்தது. மதுவுக்காக வக்காலத்து வாங்குவது நமது நோக்கமன்று. அந்த ருசியினின்று எழுந்த ஒரு நியாயப் பிரச்னையையே வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

ஐலா தீவில் 1815-ல் ஸ்தாபிக்கப்பட்ட ஆர்ட்பெக் வடிசாலையார் 2019-ல் வெளியிட்ட ‘டிரம்’ என்னும் சரக்கு அது. முளைகட்டிய பார்லியைப் ‘பீட்’ எனப்படும் சதுப்பு நிலத்துக் கரிமண்ணின் புகையில் உலர்த்தி, வடித்து, முதலில் பூர்பன் பீப்பாய்களிலும் பின்னர் ரம் பீப்பாய்களிலும் முதிர வைத்திருக்கிறார்கள். முகர்ந்தவுடன் தாரும் விறகுப் புகையும். நாவில் பட்டதும் கனிந்த வாழையும் அன்னாசியும் வெல்லப்பாகும். விழுங்கிய பின் மறுபடியும் புகை. தொழிலாளரின் கைத்திறனை மெச்சாதிருக்க இயலாது.

ஸ்காட்லாந்திலேயே வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாய்களில் 3 வருஷத்துக்குக் குறையாமல் அங்கேயே வைத்திருந்தாலன்றி எதுவும் ஸ்காட்ச் ஆகாதென்று 2009-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. தம் தேசத்தின் பெயரை அவர்கள் இவ்வளவு கண்டிப்பாகக் காப்பது சரியே. ஆனால் அந்த வெல்லச் சுவையைத் தந்த பீப்பாய் எங்கிருந்து வந்தது? ‘அமெரிக்கப் பிரதேசங்களிலிருந்து’ என்பதே நாம் அறியக் கிடைத்த விடை. இரண்டு கண்டங்களும் எண்ணற்ற தீவுகளும் அச்சொல்லில் அடங்கிவிடுகின்றன!

ரம்மின் சரித்திரம் அற்பமானதன்று. கரீபியன் தீவுகளில் அக்கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவினின்று விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகள். 1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது 2 கோடி பவுன் நஷ்டஈடு அளித்தது, அடிமைகளுக்கல்ல, எஜமானர்களுக்கு! பின்னர் 1838 முதல் பிரிட்டிஷ் கயானாவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் பிரெஞ்சிந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்களில் தமிழர் பலர்.

நாம் ருசித்த பீப்பாய் அத்தீவுகளுடையது என்று நாம் கூறவில்லை. அல்லவென்று கூறவும் வழியில்லை. அதுவே நமது ஆட்சேபம்.

பல இடத்துப் பீப்பாய்கள் கலந்திருக்கலாம், வியாபார ரகசியமும் இருக்கலாம் என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். பல இடமாயின் பலவற்றையும் சொல்லட்டும். ஆண்டையும் மரத்தையும் சதவிகிதத்தையும் எழுதுகிற வியாபாரத்தில், தேசத்தின் பெயர் மட்டும் எப்படி ரகசியமாகும்? புகைக்கு ஊரும் பேரும் உண்டு. கரும்புக்கு மட்டும் இல்லையா? ருசியை விற்பவர், அந்த ருசியை ஈந்த மண்ணின் பெயரையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நமது துணிபு.