எண்ணப்படாத பாகுபாடு

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் தலித்துகளும் பழங்குடியினரும் எத்தனை பேர்? அவர்களுள் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்த முறையில் துப்புரவுப் பணி செய்வோர் எத்தனை பேர்? இதற்கு விடை கூறும் சட்டக் கடமை எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் இல்லை.

தடைச் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவரை எந்த வேலையிலிருந்தும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால், அது தனியொருவருக்கு இழைக்கப்பட்ட செயலை விசாரிக்கும் சட்டம். நேர்முகத் தேர்வுக்கே அழைக்கப்படாதவர் எந்தச் செயலைச் சான்றாகக் காட்டுவார்?

அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் இதே சுவரில் மோதியவர்கள்தாம். வட கரோலினாவின் டியூக் மின் நிறுவனம் அவர்களைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதைத் தடுத்ததும், பிற பிரிவுகளுக்குச் செல்லப் பள்ளிச் சான்றிதழும் தேர்வும் வேண்டும் என்றது. வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஓரினத்தை விலக்குமானால், உள்நோக்கம் இல்லாவிடினும் அது பாகுபாடே என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய விளைவை மெய்ப்பிக்க எண்ணிக்கை வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் இனவாரிக் கணக்கை அரசுக்கு அளிக்கும் கடமை அங்கே 1960களிலேயே வந்துவிட்டது.

இன்று அந்த அடித்தளம் தகர்க்கப்படுகிறது. அரசு ஒப்பந்ததாரர்கள் சமவாய்ப்புக்கு முனைந்து செயல்பட வேண்டும் என்ற 1965ஆம் ஆண்டு ஆணையை, அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் ரத்து செய்தார். விளைவை வைத்துப் பாகுபாட்டைக் கணிக்கும் நெறியையும் அவ்வாண்டு ஏப்ரலில் பின்னுக்குத் தள்ளினார். இதைக் கண்டு, ‘பன்முகத்தன்மைக் கொள்கை தோற்றது’ என இங்கே சிலர் மகிழ்கின்றனர். அங்கே பறிக்கப்படுவது நமக்கு இன்னும் வழங்கப்படவே இல்லை.

2006இல் தனியார் துறை இடஒதுக்கீடு பேசப்பட்டபோது, தொழில் கூட்டமைப்புகள் தாமாகவே நடத்தை விதிகளை வகுத்து அதைத் தள்ளிப்போட்டன. பங்குச் சந்தையின் முன்னணி ஆயிரம் நிறுவனங்கள் இன்று செபிக்கு அளிக்கும் அறிக்கையில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை இடம்பெறுகிறது. சாதிக்கு அதில் கட்டம் இல்லை.

சிப்காட் நிலம் பொதுச் சொத்து. அதைப் பெறும் நிறுவனம், தனிநபர் அடையாளம் வெளிப்படாதவாறு, பதவிவாரியாகவும் சமூகவாரியாகவும் மொத்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை ஒதுக்கீட்டு நிபந்தனையாக்குமாறு தமிழ்நாடு அரசை நாம் வலியுறுத்த வேண்டும். இடஒதுக்கீட்டுக்கான போராட்டத்துக்கு இது மாற்றாகாது. அப்போராட்டத்தின் முதல் சான்றாவணம் இதுவே.