பீடியை விட முடியாதவன் கட்டுப்பாடு இல்லாதவனா?

"பீடியை விட முடியாதவனுக்குக் கூலி உயர்வு எதற்கு?" என்று ஏளனம் பேசும் கனவான்கள் ராஜபாளையத்திலும் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு கேள்வி. பஞ்சாலைக்குள் ஒரு பொறி விழுந்தால் எல்லாம் சாம்பல். அதனால் பீடி பழகிய தொழிலாளி எட்டு மணி நேர ஷிப்ட் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறான். கட்டுப்பாடு இல்லாதவனா இதைச் செய்கிறான்?

விஞ்ஞானம் சொல்வதைக் கேளுங்கள். புகையிலையில் உள்ள நிகோடின் என்ற நஞ்சு, புகையை இழுத்த சில விநாடிகளிலேயே மூளையைத் தொடுகிறது. இன்ப உணர்ச்சியைக் கிளப்புகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. பிறகு எரிச்சல், படபடப்பு, வேலையில் மனம் ஒட்டாமை. பொறுத்துக்கொள்ளும் சக்தியே அப்போது குறைகிறது. ஆசையை அடக்க வேண்டிய மூளையையே பீடி பலவீனப்படுத்துகிறது! அடக்கி ஆளும் மூளைப்பகுதி முழு வளர்ச்சி பெறுவது 25 வயதை ஒட்டித்தான். பெரும்பாலோர் பழகுவதோ அதற்கு முன்பே.

இது முதலாளிகளுக்குத் தெரியாதா? 1994-ல் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன் சத்தியம் செய்து, "நிகோடின் அடிமைப்படுத்தாது" என்றார்கள். அந்தக் கம்பெனிகள் உண்மையை அறிந்தே மக்களை ஏமாற்றின என்று 2006-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே என்ன? வெள்ளைக்காரன் 1910-ல் தொடங்கிய இம்பீரியல் டுபாக்கோ கம்பெனிதான் இன்றைய ஐ.டி.சி. அதில் சர்க்காரின் எல்.ஐ.சி.யும் பங்குதாரர். ஒரு கையால் எச்சரிக்கைப் படம், மறுகையால் லாபம்!

வயலில் "பீடி குடித்துவிட்டு வருகிறேன்" என்றால்தான் ஐந்து நிமிஷம் நிமிர முடிகிறது. ஓய்வை உரிமையாகத் தராதவன், அதைப் பீடியின் வழியாகத் திருட வைக்கிறான். ஆலையிலோ பஞ்சுத் தூசி ஏற்கெனவே நுரையீரலை அரிக்கிறது; புகையும் சேர்ந்தால் மூச்சுத்திணறல் இன்னும் கடுமையாகிறது.

ஆகவே, கூலியுடன் கூடிய ஓய்வு வேளை வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பழக்கத்தை விடச் சிகிச்சையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பீடி சுற்றிப் பிழைக்கும் நெல்லை, தென்காசிச் சகோதரிகளுக்கு மாற்று வேலை தராமல் அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது.

தோழர்களே! முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். சில வாரங்களில் தவிப்பு தணியும். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் சில நிமிஷங்களில் அடங்கும். 1800-11-2356 என்ற எண்ணில் இலவச ஆலோசனை உண்டு. தனியாகப் போராடாதீர்கள், நாலு பேர் சேர்ந்து விடுங்கள். வேலைநிறுத்தத்தில் பசியைப் பொறுத்த வர்க்கம் இதையும் வெல்லும்!